தகரப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: பழைய புடவை தேடக் கிளம்புகிறவர்களுக்கு

"பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி வாங்குறது..." என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி எங்கள் தெருவுக்கு அடிக்கடி வரும். மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பதினோரு வருடத்துக்கு முன் அம்மா அந்த வண்டியை நிறுத்தி, அப்பாயியின் புடவைகள் இரண்டைக் கொடுத்தார். கிடைத்த காசு அந்த மாதப் பால் கணக்குக்குக்கூடக் காணவில்லை. அந்தப் புடவைகளை யாரும் கட்டப்போவதில்லை, பட்டை எரித்து ஜரிகையில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அரக்கு உடலில் மயில்கழுத்துக் கரை போட்ட புடவை ஒன்று அதில் இருந்தது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

விண்டேஜ், ரெட்ரோ என்று பழைய பாணிக்கு ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிற பிள்ளைகள் பலரும் முதலில் கேட்பது "எந்தக் கடைக்குப் போகணும் அக்கா?" என்றுதான். கடைக்கு அப்புறம் போகலாம். அந்த வண்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை இறக்குங்கள்.

முதல் படி: பெட்டியைத் திறப்பது

தை, மாசியில் திறங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது விரித்து மறுபடி மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

தரையில் சுத்தமான வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவித் துடைத்து, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். எடுத்தவுடன் உதற வேண்டாம். இருபது, முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போகும். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கி, வேட்டியின் மேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரியுங்கள். அந்துருண்டை நெடி அடித்தால் நிழலில், காற்றாட ஒரு நாள் விடுங்கள். வெயில் வேண்டாம். கஞ்சி போட்ட நூல் புடவை இருந்தால் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கஞ்சி என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் அப்பாயியை உட்கார வைத்த அன்று நடந்த பேச்சு இது:

"அப்பாயி, இது எந்தக் கடையில எடுத்தது?"

"கடையா? தறிக்காரரே மூட்டையோட வந்து திண்ணையில விரிப்பாரு. உங்க பெரியத்தைக்கு நிச்சயம் பண்ணுனப்ப எடுத்தது. அந்த வருசம் ஆத்துல தண்ணி வரல, குறுவை போச்சு. அறுப்புக்குப் பொறவு தர்றோம்னு சொல்லித்தான் எடுத்தோம்."

சொல்வதை அப்படியே ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா மை ஈரம் பட்டால் துணியில் இறங்கும்.

இரண்டாம் படி: வயதைக் கண்டுபிடிப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. புடவையைவிடப் பல சமயம் அதைச் சுற்றியிருக்கும் தாள் அதிகம் சொல்லும். ஜவுளிக்கடை பையையும் ரசீதையும் அட்டைப்பெட்டியையும் நம் பாட்டிமார் தூக்கிப்போட்டதில்லை. அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரசீதில் விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த வருடம்தான் நூறு பைசா கணக்கு வந்தது. "நயா பைசா" என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. கடை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. "மாயூரம்" என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1982-க்கு முன்னால். அந்த வருடம்தான் ஊர்ப்பெயர் மயிலாடுதுறை ஆனது. நாகப்பட்டினம் கடைக்குத் "தஞ்சாவூர் மாவட்டம்" என்று போட்டிருந்தால் 1991-க்கு முன்னால்.

எழுத்தையும் பாருங்கள். லை, ணை, னை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த கொம்பு இருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய அச்சுக்கட்டையையே பல வருடம் ஓட்டிய கடைகள் உண்டு. அதனால் இரண்டு, மூன்று அடையாளம் ஒத்துப்போனால்தான் நம்புங்கள்.

தாளே இல்லையென்றால் நீளத்தை அளங்கள். மடிசாருக்கான 9 கஜம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் வரும். 6 கஜப் புடவை ஐந்தரை மீட்டர் அளவில், ரவிக்கைத் துணி சேராமல் முடிந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ரவிக்கைத் துணியோடு சேர்த்து நெய்த புடவை ஆறு மீட்டரைத் தாண்டும்.

எங்கே நெய்தது என்பதற்கும் நம் பக்கத்தில் துப்புகள் உண்டு. திருபுவனம் பட்டை விசிறி மடிப்பு என்ற தனி மடிப்பில் மடிப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டுச் சேலை பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்டது. கல்யாணக் கூறைப்புடவையோடு பெயராலேயே சேர்ந்த ஊர். கட்டம் போட்ட கனமில்லாத பழைய சேலை, பட்டா நூலா என்று கைக்குப் பிடிபடாமல் இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். பெட்டிக்குள் கூறைநாடு கிடைப்பது பெரிய பாக்கியம்.

மூன்றாம் படி: பட்டா, ஜரிகை நிஜமா?

முந்தியின் ஓரத்தில் தானாகத் தொங்கும் இழை ஒன்றை மட்டும் எடுங்கள். இடுக்கியில் பிடித்துத் தீ காட்டினால், பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் பொடியாகும் கரியை விடும். பருத்தியும் ரேயான் என்கிற செயற்கைப் பட்டும் காகிதம் எரிவது போல எரியும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான மணி போல உருண்டுவிடும். சில்க் மார்க் என்கிற பட்டு முத்திரைச் சீட்டு 2004-ல்தான் வந்தது. பழைய புடவையில் அதைத் தேடவே வேண்டாம்.

ஜரிகைக்கு, பின்பக்கம் தொங்கும் ஓர் இழையை முறுக்குப் பிரித்துப் பாருங்கள். நல்ல ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் கொடுத்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை மின்னும். செம்பு நிறம் தெரிந்தால் டெஸ்டட் ஜரிகை, அதாவது வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி போட்டது. உள்நூல் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், போலியிலும் சிவப்பு நூல் போடுகிறார்கள். பழைய ஜரிகை கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான் அதுவும்.

டெஸ்டட் ஜரிகை என்று தெரிந்த பிறகும் நான் வைத்துக்கொண்ட புடவைகள் உண்டு. கரையின் அழகுக்கும், கட்டியவருக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே.

நான்காம் படி: வெளியே தேடுவது

உறவுக்காரர் வீட்டில் "பழசு இருந்தா குடுங்க" என்று கேட்காதீர்கள். "பார்க்கணும் பெரியம்மா" என்று கேளுங்கள். பெட்டி திறக்கும், கதை வரும், சில சமயம் அவர்களாகவே கையில் வைப்பார்கள். கூறைப்புடவையை மட்டும் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்காதீர்கள். தாலி கட்டும்போது உடுத்தியது, அவர்களோடு இருக்க வேண்டியது.

பட்டுப்புடவை பாலிஷ் போடுகிற கடைகளில், ஆள் திரும்பி வராமல் தேங்கிய புடவைகள் இருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அக்காக்களிடம் நைலக்ஸ் புடவையும் டெரிலின் சட்டையும் வந்து சேரும். எழுபதுகளின் பெரிய பூப்போட்ட நைலக்ஸுக்கு இப்போது ஆசைப்படுகிறவர்கள் அதிகம். சூடான தேய்ப்புப்பெட்டி பட்டால் சுருங்கி உருகும், கவனம். அந்த ஒலிபெருக்கி வண்டிக்காரரையும் விரோதியாகப் பார்க்காதீர்கள். அவர் வெள்ளிக் கணக்கில் வாங்குகிறார். அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் உங்களுக்கே தருவார். எனக்கு அப்படி மூன்று புடவை வந்திருக்கிறது.

கடலோரப் பக்கம் சொந்தம் இருந்தால் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். நாகூர், நாகப்பட்டினம் வீடுகளில் சபுராளிகள், அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்கள், கொண்டுவந்த பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. 1985-ல் தீப்பிடிக்கும்வரை எம்.வி. சிதம்பரம் கப்பல் நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்துகொண்டிருந்தது. அதில் வந்த பத்திக் கைலி, நைலான் புடவை, பூப்போட்ட தாவணித் துணி எல்லாம் அந்தக் காலத்தில் ஊரே கூடிப் பார்த்த பொருள்கள். மெழுகு வைத்துச் சாயமேற்றிய நிஜப் பத்திக்கில் சாயம் துணியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்துத் தெரியும்.

எங்கே வாங்கினாலும், பொருளின் மதிப்பு தெரியாமல் விற்கிறவரிடம் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: சுத்தம் செய்வது

என் தவறை முதலில் சொல்கிறேன். முதன்முதலாகக் கிடைத்த மாம்பழக் கலர் பட்டை சலவைத்தூளில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். கரையின் சிவப்பு உடல் முழுக்க இறங்கி, பட்டு பளபளப்பு போய்ச் சாக்கு போல ஆகிவிட்டது. பட்டு என்பது நம் முடி போலப் புரதம். காரமான சோப்பு அதைத் தின்றுவிடும். பிளீச்சிங் அதைக் கரைத்தே விடும்.

ஆகவே முதலில் சாயம் சோதியுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உள்மடிப்பில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். நிறம் ஏறினால் தண்ணீரே காட்டாமல் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். ஏறாவிட்டால் நாலைந்து பூந்திக்கொட்டையை விதை நீக்கி இரவே ஊறவைத்து, கசக்கி வடிகட்டிய தண்ணீரை ஒரு வாளி பச்சைத்தண்ணீரில் கலந்து அலசுங்கள். அடித்துத் துவைக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில், உள்பக்கம் வெளியே இருக்கும்படி உலர்த்துங்கள். மடிப்பில் ஏற்கெனவே விட்டிருக்கும் புடவைக்கு வீட்டுத் தண்ணீரே வேண்டாம். முதலில் பின்னால் வாயில் என்கிற மெல்லிய துணியைக் கொடுத்து இழையோட்டத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், ரப்பர் பேண்டும் வேண்டாம். கஞ்சியில்லாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மூலையில் வசம்புத் துண்டை ஒரு சிறு துணியில் முடிந்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள்.

ஆறாம் படி: கட்டுவது, கூட வைத்துக்கொள்வது

தலை முதல் கால் வரை பழசாக மாற நினைக்காதீர்கள். பழைய புடவைக்குப் புது ரவிக்கை, அவ்வளவு போதும். பழைய ரவிக்கைகள் அக்குளில் வியர்வை பட்டு இற்றுப்போயிருக்கும். கையில் ஒரு எச்.எம்.டி. வாட்ச் கட்டலாம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டில் தொடங்கிய இந்தியத் தயாரிப்பு. அதில் ஜனதா என்ற மாடல் சாவி கொடுத்து ஓடுவது. தினமும் ஒரே நேரத்தில், கைக்கு இறுக்கம் தெரிகிறவரை திருகி நிறுத்திவிடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் முகப்பு இருந்தால் மேலே சாயம் பூசியது என்று வைத்துக்கொள்ளலாம்.

சமையலறையிலும் ஆசை வந்தால் கும்பகோணத்துப் பித்தளை டபராவில் காபி குடியுங்கள். புளி சேரும் பாத்திரமாக இருந்தால் ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். யாருடையது என்று தெரியாத பழைய ஈயச்சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், ரசம் வேண்டாம்.

புடவையை முதலில் கட்டும் நாளில் வெளியூர்ப் பயணம் வேண்டாம். இரண்டு மணி நேரம் வீட்டிலேயே கட்டி, எந்த இடம் இழுபடுகிறது என்று பாருங்கள். பின் குத்தாதீர்கள், குத்தியே ஆகவேண்டும் என்றால் அடியில் சின்னத் துணி கொடுங்கள். சென்ட்டை ஜரிகை மேல் அடிக்காதீர்கள். அவிழ்த்ததும் உள்ளே வைத்துவிடாமல் ஒரு ராத்திரி கொடியில் காற்றாடட்டும். காலையில் அந்தத் துண்டுத் தாளை எடுத்து, அப்பாயி சொன்ன வரிக்குக் கீழே நீங்கள் கட்டிய தேதியையும் என்ன விசேஷம் என்பதையும் எழுதி, புடவையோடு சேர்த்து மடித்து வையுங்கள்.