மதுரை வெயிலில் ஒரு ரேஸ் கார்: முதல் மாடல் கிட் செய்பவர்களுக்கு

டப்பாவைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் கொத்துக் கொத்தாய் உதிரி பாகங்கள், நான்கு ரப்பர் டயர், ஒரு டெக்கால் தாள் (காரின் மேல் ஒட்டும் எழுத்தும் படமும்), மடித்து வைத்த விளக்கத்தாள். அவ்வளவுதான். பார்த்து மலைக்க வேண்டாம். ஒட்டுகிற வேலை சுலபம், பெயின்ட்தான் ஆளைச் சோதிக்கும். குளிர்ந்த ஊர்க்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே அடித்தால் மதுரையில் சித்திரை மாதம் வேலைக்கு ஆகாது. நான் அப்படி அடித்துக் கெடுத்தவன். அதனால் பெயின்டுக்குத்தான் இதில் அதிக இடம்.

எந்தக் கிட், என்னென்ன சாமான்

முதல் கிட்டுக்கு 1/24 அளவில், கூரை மூடிய ரேஸ் கார் வாங்குங்கள். நிஜக் காரில் 24 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. 4.2 மீட்டர் கார் 17.5 செ.மீ. நீளத்துக்கு வரும். ஃபார்முலா ஒன் கார் கிட்டுகள் பெரும்பாலும் 1/20 அளவு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சஸ்பென்ஷன் கம்பியெல்லாம் பல்குச்சி மாதிரி, எல்லாமே வெளியே தெரியும், நாம் செய்த தப்பும் சேர்ந்து தெரியும். மூடிய காரில் பாதித் தப்பைக் கூரை மறைத்துவிடும்.

டாமியா, ஹசேகவா, ஃபுஜிமி எல்லாம் ஜப்பான் கம்பெனிகள். பாகங்கள் கச்சிதமாகப் பொருந்துவதால் டாமியாவில் தொடங்கச் சொல்வேன். ஸ்ப்ரே டப்பா வாங்கும்போது கவனம்: டாமியாவில் டிஎஸ் என்று போட்டிருப்பதுதான் கிட் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கூண்டுக்கு (காரின் மேலுடல்); அது நமக்கு ஆகாது.

கிட்டும் பசையும் பெயின்டும் நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். மற்றதெல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்: 400, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), மாஸ்கிங் டேப், எலெக்ட்ரீஷியன் வைத்திருப்பது போன்ற சின்ன கட்டர், பேப்பர் வெட்டும் கத்தி, முகக்கவசம்.

கூண்டை முதலில் எடுங்கள்

விளக்கத்தாளில் என்ஜின், சேஸிஸ் (காரின் அடிப்பாகம்) என்று ஆரம்பித்து கூண்டு கடைசியில் வரும். நான் அதைத் தலைகீழாக்குவேன். கூண்டு பெயின்ட் காய நாள்கணக்கில் ஆகும். அது காய்கிற நேரத்தில் மற்ற வேலையை முடித்துவிடலாம்.

எல்லாச் சட்டங்களையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பாகத்தைச் சட்டத்திலிருந்து இரண்டு வெட்டில் எடுங்கள். முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டில் ஒட்டி நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், சில சமயம் குழியும் விழும்.

பட்டி பார்ப்பது

கூண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு தட்டும். கத்தி முனையை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, 400-லும் 1000-லும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வண்டிக்குப் பட்டி பார்க்கிறவர்கள் செய்வதும் இதுதான். இதில் சோம்பல்பட்டால் பளபளப்பு ஏற ஏற வரம்பும் பளிச்சென்று தெரியும்.

பெயின்ட்

எங்கள் தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் என் முதல் காரைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எத்தனை மணிக்கு அடிச்ச தம்பி?" மத்தியானம் என்றேன். "உச்சி வெயில்ல அடிச்சா பெயின்ட் பறந்து போறப்பவே காஞ்சுரும். ரவை மாதிரிதான் விழுகும்."

அதுதான் விஷயம். டிஎஸ் ஸ்ப்ரேயில் இருப்பது லேக்கர் பெயின்ட்; அது ஈரமாக விழுந்து தானாகப் பரவிச் சமமாக வேண்டும். காற்றிலேயே காய்ந்தால் சொரசொரப்பு. மழைக்காலத்தில் கதை வேறு. தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, நிறம் பால் ஊற்றியது போல் வெளுக்கிறது. ஆடியில் காற்று மண்ணை அள்ளிக் கொட்டும். ஆக, தையிலிருந்து பங்குனி வரை, காலைப் பனி விலகியபின் பத்து மணிக்குள், மொட்டை மாடியில் நிழலாக ஒரு மூலை. ஐப்பசி மழையில் கிட் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? சேஸிஸை ஒட்டிக்கொண்டு காத்திருங்கள்.

தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். ஒரு அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். ஸ்ப்ரே டப்பாவை வெயிலில் வைக்கவே கூடாது, பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. கூண்டை ஒரு பழைய பாட்டில் மேல் டேப் போட்டு நிறுத்துங்கள். சின்னப் பாகங்களைப் பல்குச்சியில் மாட்டி, வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்துவது போல தெர்மோகோலில் குத்திவைக்கலாம்.

முதலில் பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு. இங்கே நான் வாங்கிய அடியைச் சொல்ல வேண்டும். 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் போனார். அந்த நினைப்பில் என் முதல் காருக்கு மஞ்சள் வாங்கினேன், கையிலிருந்த சாம்பல் பிரைமர் மேல் அடித்தேன். ஐந்து கோட் போட்டும் வந்தது ஊறிப்போன மாங்காய் நிறம். மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தை மறைக்காது. அவற்றுக்கு வெள்ளைப் பிரைமர்தான். கறுப்பு, நீலம், வெள்ளி நிறங்களுக்குச் சாம்பல் போதும்.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கூண்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போனபின் விடுங்கள். கூண்டின் மேல் நின்று அழுத்தினால் வழியும். முதல் இரண்டு கோட் பனி படிந்த மாதிரி மெல்லிசாக, அடுத்தது கொஞ்சம் ஈரமாக, இடையில் கால் மணி நேரம். முடிந்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். கொசு வந்து ஒட்டினால் கை வைக்காதீர்கள். காய்ந்தபின் 2000-ல் தேய்த்தால் அதுவே போய்விடும்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காமல் மோந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

சேஸிஸ், சக்கரம்

இதில் சொல்ல அதிகமில்லை. பாதிப் பளபளப்புக் கறுப்பு அடித்தால் முக்கால்வாசி முடிந்தது. மெல்லிய பசையை முன்கூட்டியே பூச வேண்டாம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே ஓடும். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். டயரின் நடுவரம்பை 400-ல் தேய்த்தால் ஓடித் தேய்ந்த ரேஸ் டயர் மாதிரியே ஆகிவிடும்.

டெக்கால்

ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து விநாடி முக்கி, துணியில் ஒரு நிமிடம் வையுங்கள். தாளிலிருந்து வழுக்கியதும் காரின் மேல் தள்ளி, காட்டன் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் செய்தபோது ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக உப்பு பூத்தது. கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் படியாவிட்டால் சுடுதண்ணீர் தொட்ட பட்ஸை மெதுவாக அழுத்துங்கள். குமிழ் நின்றால் ஊசியால் ஒரு குத்து.

ஒரு நாள் விட்டு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. ஆரம்பமே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கிவிடும். மெல்லிசாக இரண்டு மூன்று முறை படியவிட்டு, பிறகு ஈரமாக ஒன்று. ஒரு வாரம் கழித்து 2000-ல் லேசாகத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். விளிம்புகளை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கேதான் பெயின்ட் முதலில் தேயும்.

பூட்டுவது

கார்க் கண்ணாடிகளை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். காய்ந்தால் தெரியாது, வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம். ஃபெவிக்விக் வைத்தால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி புகைபிடித்தது போலாகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு கூண்டை சேஸிஸ் மேல் இறக்குங்கள். பின் இறக்கை, வைப்பர், கடைசியாக சைடு மிரர். மிரருக்கு அவசரப்படாதீர்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் காரை அதில் பிடித்துத்தான் தூக்குவார்கள். நான் இப்போதெல்லாம் பொங்கல் விடுமுறை முடிந்தபிறகுதான் ஒட்டுகிறேன்.