ஜிலேபி மீனுக்குத் தீவனச் சேர்க்கை: ஈரலும் கெடாமல், எடையும் ஏற, படிப்படியாக

எங்கள் பண்ணைக்குட்டையில் முதல் வருஷம் பிடித்த ஜிலேபி மீனைக் குழம்புக்கு அறுத்தபோது, ஈரல் வெண்ணெய் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. தண்ணீரில் போட்டால் மிதந்தது. நல்ல ஈரல் செம்பழுப்பாக இருக்கும், தண்ணீரில் மூழ்கும். மீன்கள் வெளியில் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் வலை இழுத்த மறுநாள் கரையோரம் செத்து ஒதுங்கியவையும் அவைதான். நான் உடனே கடைக்குப் போய் 'ஈரல் டானிக்' வாங்கி ஊற்றினேன். பயன் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஈரலைக் கெடுக்கும் தீனியை ஒரு கையால் போட்டுக்கொண்டு, மறுகையால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அதனால் இந்த விளக்கத்தைச் சத்துப் பொடியிலிருந்து தொடங்காமல் தீவன மூட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள்

ஈரலைக் கெடுப்பவை மூன்று.

ஒன்று, சிக்கு வாடை அடிக்கும் தவிடு. அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம். அரைத்து வந்த சில நாட்களிலேயே அந்த எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். கெட்ட எண்ணெய் மீனின் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈயைத் தின்றுவிட்டு ஈரல் செல்களைத் தாக்கும். தவிடு போடுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் எடுத்த தவிடே நல்லது.

இரண்டு, பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும். அந்தப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் வானவில் டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது. தேடிப் பார்த்ததில் தீவனத்தில் கலந்த பருத்திவிதைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. நம் ஜிலேபிக்கு டிரவுட்டைவிடத் தாங்கும் சக்தி அதிகம். ஆனாலும் நஞ்சு நஞ்சுதான், வளர்ச்சி குறையும், நோய் எதிர்ப்பு விழும். வேகவைத்தாலும் இது போகாது. 'கொஞ்சம்தானே, நல்லதோடு கலந்துவிடலாம்' என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

மூன்று, ஓட்டல் சோறு, பழைய ரொட்டி, கோழிக் கழிவு. இலவசமாகக் கிடைக்கிறது என்று போடுகிறோம். தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தும் கொழுப்பும் ஈரலில்தான் போய்ப் படியும். என் குட்டையில் நடந்தது இதுதான்.

படி 2: எவ்வளவு தீவனம் என்று கணக்குப் போடுங்கள்

வீச்சு வலையில் 20, 30 மீன்களைப் பிடித்து எடை போட்டு சராசரி எடுங்கள். 1000 மீன்கள், ஒவ்வொன்றும் 100 கிராம் என்றால் குட்டையில் 100 கிலோ மீன் இருக்கிறது. இந்த வயதில் உடல் எடையில் 3 சதவீதம் போதும். அதாவது நாளைக்கு 3 கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து. மீன் 250 கிராம் ஆனதும் 2 சதவீதத்துக்கு இறக்குங்கள். 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்த்து அளவை மாற்ற வேண்டும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அப்போது போடாதீர்கள். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் போட்டால் நன்றாகத் தின்னும், நன்றாகச் செரிக்கும்.

படி 3: எந்தச் சத்து, எதற்கு

கடையில் நாற்பது பாட்டில் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு மூன்று போதும்.

கோலின்: வைட்டமின் போன்ற ஒரு சத்து. ஈரலில் சேர்ந்த கொழுப்பை ரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்ப இது வேண்டும். இது குறைந்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். மூன்றில் எனக்கு முதன்மையானது இதுதான்.

வைட்டமின் ஈ: கொழுப்பு கெடாமல் காக்கும் காவல்காரன்.

வைட்டமின் சி: பெரும்பாலான மீன்களால் இதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. குறைந்தால் முதுகெலும்பு வளைந்த குஞ்சுகளைப் பார்க்கலாம், புண்ணும் சீக்கிரம் ஆறாது. சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் அழிந்துவிடும். பாஸ்பேட்டுடன் சேர்த்து நிலைப்படுத்திய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பிண்ணாக்கை நம்பி நீங்களே தீவனம் தயாரித்தால் இன்னொன்றும் உண்டு. கடலைப் பிண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் (புரதத்தின் கட்டுமானப் பொருட்கள்) குறைவு. புரதம் நிறையப் போட்டும் மீன் வளராததற்கு இது பெரிய காரணம். கொஞ்சம் நல்ல மீன்தூளோ சோயாவோ சேர்த்தால் லைசின் குறை தீரும். மெத்தியோனின் சோயாவிலும் குறைவு, அதற்கு மீன்தூள்தான் கைகொடுக்கும்.

கீழாநெல்லி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் கொடுக்கும் பச்சிலை என்பதால் எனக்கும் அதில் ஆசை உண்டு. மீன்களிலும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் மனிதருக்கான அளவை மீனுக்கு அப்படியே மாற்ற முடியாது. அளவு தெரியாமல் கஷாயத்தைக் குட்டையில் ஊற்ற வேண்டாம்.

படி 4: 10 கிலோ தீவனத்தில் பூசும் முறை

மேலே சொன்ன கணக்கில் இது ஏறக்குறைய மூன்று நாள் தீவனம். கம்பெனிக் குருணைத் தீவனத்தில் ஏற்கெனவே சத்து சேர்த்திருப்பார்கள், எனவே இது மேலதிகமாகக் கொடுப்பதுதான்.

60 சதவீதக் கோலின் குளோரைடு பொடி 11 கிராம், 35 சதவீத வைட்டமின் சி 3 கிராம், 50 சதவீத வைட்டமின் ஈ 2 கிராம். ஒரு கிலோ தீவனத்துக்குக் கோலின் சுமார் 500 மில்லிகிராம், வைட்டமின்கள் தலா சுமார் 100 மில்லிகிராம் என்று வரும். டப்பாவில் சதவீதம் வேறாக இருந்தால் அளவும் மாறும். நகைக்கடைத் தராசு போல கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், தேக்கரண்டியை நம்பாதீர்கள்.

கோலின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கூடவே இருக்கும் வைட்டமின்களையும் கெடுக்கும். ஆகவே ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். 200 மில்லி ஆறிய கஞ்சித் தண்ணீரில் கோலினைத் தனியாகவும், இன்னொரு 200 மில்லியில் வைட்டமின்களைத் தனியாகவும் நன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள். தீவனத்தைத் தார்ப்பாயில் பரப்பி, முதலில் கோலின் கரைசலைத் தெளித்துப் புரட்டுங்கள். அரை மணி நேரம் நிழலில் உலரட்டும். அப்புறம் வைட்டமின் கரைசல், மறுபடி அரை மணி. கடைசியாக 100 மில்லி நல்ல மீன் எண்ணெயைப் பூசினால் சத்து தண்ணீரில் அவ்வளவாகக் கரைந்து போகாது. எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், அதைப் பூசுவதைவிடப் பூசாமலே இருக்கலாம். வெயிலில் மட்டும் காயவைக்கக் கூடாது. பூசிய தீவனத்தை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் பொடி எதையும் 'வளர்ச்சிக்கு' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

படி 5: ஈரலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மாதம் ஒருமுறை, காலைத் தீவனம் போடும் முன், மூன்று மீன்களை எடுத்து அறுத்துப் பாருங்கள். நிறத்தையும், மிதக்கிறதா மூழ்குகிறதா என்பதையும் குறியுங்கள். ஈரலை மட்டும் எடை போட்டு, மீன் எடையால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 250 கிராம் மீனில் 5 கிராம் ஈரல் என்றால் 2 வரும். இந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போய், நிறமும் வெளிறினால் தீவனம் அதிகம் என்று அர்த்தம், சத்துப் பொடி குறைவு என்று அல்ல. பித்தப்பை பெரிதாகக் கரும்பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம், வெறும் வயிற்றில் அப்படித்தான் இருக்கும்.

கட்லா, ரோகு வளர்ப்பவர்களுக்கு இந்த எடைக் கணக்கு சிரமம். கெண்டை வகைகளில் ஈரல் குடல் மடிப்புகளுக்கு இடையில் பரவிக் கிடக்கும், தனியாகப் பிரிக்க வராது. அவர்கள் நிறத்தை மட்டும் பார்த்தால் போதும்.

என் குட்டையில் சோற்றையும் பழைய தவிட்டையும் நிறுத்தி, கோலின் சேர்க்கத் தொடங்கிய பிறகு முதல் மாதம் பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டாம் மாதம் அறுத்த மூன்றில் இரண்டு ஈரல் தண்ணீரில் மூழ்கின.