இல்லாத ஊருக்கு ஒரு மால் வரையுறது எப்படி

நாலு வருஷமா நெய்தல்புரம்னு ஒரு ஊரை வரைஞ்சிட்டு இருக்கேன். கிழக்குக் கடற்கரையில, ஒரு கழிமுகம் பக்கத்துல, நானே கற்பனை பண்ணின ஊர், ஆறு லட்சம் ஜனம், மீன்பிடி துறைமுகம், ஒரு பழைய பஸ் ஸ்டாண்ட். போன மாசம்தான் அதுக்கு ஒரு மால் வரைஞ்சு முடிச்சேன். இந்த மாதிரி கற்பனை ஊர் வரையுறவங்க நிறைய பேர் மால்னு வந்தா ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியை வெச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுறாங்க, அதான் எப்படி வரையலாம்னு எழுதுறேன்.

கட்டடத்துல ஆரம்பிக்காதீங்க, ஊர்ல ஆரம்பிங்க. யார் வருவா, எதுல வருவா, வெயில் எந்தப் பக்கம், மழைத்தண்ணி எங்க ஓடும், இது நாலும் தெரிஞ்சா மால் பாதி வரைஞ்ச மாதிரி. விக்டர் குரூயன்னு வியன்னால பொறந்த ஒரு ஆர்க்கிடெக்ட் 1956-ல அமெரிக்காவுல மினசோட்டால ஈடைனாங்கிற ஊர்ல சவுத்டேல் மாலைக் கட்டினாரு, முழுசா மூடி உள்ளயே ஹீட்டிங் ஏசி எல்லாம் வெச்ச முதல் மால் அதுதான், ஏன் மூடினாருன்னா அந்த ஊர்ல குளிர்காலத்துல வெளிய நின்னு கடை பாக்கவே முடியாது. அதைச் சுத்தி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பார்க் எல்லாம் வரணும்னுதான் அவர் பிளான் போட்டிருந்தாரு, ஆனா அவர் நெனச்சபடி அதெல்லாம் வரல, சுத்தி கார் பார்க்கிங்தான் நின்னுச்சு. உங்க ஊர் கற்பனைதானே, அந்த மிச்சத்தையும் சேர்த்தே வரைங்க, யாரும் தடுக்கப் போறதில்ல.

ஏ3 ஷீட் எடுத்துக்கோங்க, 1:500 ஸ்கேல், அதாவது பேப்பர்ல 1 சென்டிமீட்டர்னா நிஜத்துல 5 மீட்டர். மொதல்ல தூண் கட்டம் போடுங்க, 8.4 மீட்டருக்கு ஒரு தூண். இந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னா பேஸ்மென்ட்லேருந்து வருது, ஒரு கார் நிக்க 2.5 மீட்டர் அகலம், மூணு கார்னா 7.5, தூணோட தடிமன் 0.9, மொத்தம் 8.4. நீளவாக்குல அந்தப் பக்கம் ஒரு கார் 5 மீட்டர், நடுவுல ஓட்டுறதுக்கு 6, இந்தப் பக்கம் இன்னொரு கார் 5, கூட்டினா 16, ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்கிடும். மேல இருக்கிற கடையோட அகலத்தைக் கீழ நிக்கிற கார்தான் முடிவு பண்ணுது, இது எனக்குப் புரிஞ்ச அன்னிக்கு மதுரை புதுமண்டபம்தான் ஞாபகம் வந்துச்சு, மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கிற அந்த மண்டபத்துல முன்னாடி ரெண்டு தூணுக்கு நடுவுல இருந்த இடம்தான் ஒரு டெய்லரோட கடையா இருந்துச்சு, தூண் எப்படியோ கடை அப்படி.

எங்க மால் நீளம் 18 கட்டம், சுமார் 151 மீட்டர். ஒரு கோடியில பெரிய துணிக்கடை, இன்னொரு கோடியில சூப்பர் மார்க்கெட், நடுவுல சின்னக் கடைங்க, அப்பதான் ரெண்டையும் தேடி வர்றவங்க நடுவுல இருக்கிறவன் கடையையும் பாத்துட்டுப் போவாங்க. நடைபாதையை ஒரே நேர்கோடா போட்டுடாதீங்க, 151 மீட்டரும் ஒரே பார்வையில தெரிஞ்சா நடக்கவே மனசு வராது, லேசா ஒரு வளைவு குடுங்க. எஸ்கலேட்டருக்கு நிறைய பேர் இடம் கம்மியா விட்டுடுறாங்க, 30 டிகிரி சாய்வுல 5 மீட்டர் உயரம் ஏறணும்னா படுக்கையில கிட்டத்தட்ட 8.7 மீட்டர் போகும், ஏறுற இடம் இறங்குற இடம் சேர்த்தா 14 மீட்டர் கிட்ட ஆயிடும்.

வெயிலுக்கு வருவோம். மேற்குச் சுவர்ல கண்ணாடி வேண்டவே வேண்டாம், சாயங்கால வெயில் முழுக்க அங்கதான் அடிக்கும், அங்க படிக்கட்டு, குடோன், சரக்கு லிஃப்ட் மாதிரி விஷயங்களைத் தள்ளுங்க. கூரையில வெளிச்சம் வேணும்னா வடக்குப் பக்கம் பாத்து திறந்து விடுங்க. கடலோர ஊரா இருந்தா உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிச்சிடும், வெளிய தெரியுற இரும்பு வேலையைக் குறைச்சுக்கோங்க. மழை விஷயத்துல 2015 டிசம்பர்ல சென்னையில பாத்தது போதும், பேஸ்மென்டுக்கு இறங்குற சரிவோட தலைப்புல ரோட்டை விட உயரமா ஒரு மேடு போடுங்க, ஜெனரேட்டரையும் கரண்ட் ரூமையும் தயவுசெஞ்சு கீழ வைக்காதீங்க.

தியேட்டர் மேல் மாடி, ஃபுட் கோர்ட் அதுக்குப் பக்கத்துல. நைட் ஷோ முடியும்போது கடையெல்லாம் பூட்டியிருக்கும், அதனால அங்கேருந்து நேரா பார்க்கிங் இறங்க தனியா ஒரு வழி. நம்ம ஊர்ப் பக்கம்னா டூ வீலருக்கு நிறைய இடம் விடுங்க.

இப்ப நான் தப்பு பண்ணின இடம். என் அக்கா பதினோரு வருஷமா ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கா. முதல் டிராயிங்கை அவகிட்ட காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு மாடியா விரலை வெச்சுப் பாத்துட்டு வந்தா, கடைசியில "டேய், நாங்க எங்கடா உக்காந்து சாப்புடுறது?"ன்னு கேட்டா. பதில் இல்ல எங்கிட்ட. அவ தினமும் ஸ்டாக் ரூம் படிக்கட்டுல டிபன் பாக்ஸை மடியில வெச்சுத்தான் சாப்பிடுறா, யாராவது மூட்டை தூக்கிட்டு வந்தா எழுந்து வழி விடணும். எனக்கு இது தெரியும், தெரிஞ்சும் 200 கடை வரைஞ்சிருக்கேன், அங்க வேலை பாக்குறவங்களுக்கு ஒரு ரூம் வரையல. கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கேரளாவுல 2018-ல சட்டம் வந்துச்சு, தமிழ்நாட்டுல 2021-ல வந்துச்சு, கற்பனை ஊர்லயாவது அதை ஒழுங்கா செய்யணும்ல.

அதனால கடைங்களுக்குப் பின்னாடி ஒரு பாதை ஓடணும், சரக்கும் ஆளுங்களும் போக. அதோட ஒரு முனையில லாரி வந்து இறக்குற இடம், லாரி ரோட்டுக்கு ரிவர்ஸ் எடுக்காம உள்ளயே திரும்பணும். ஒவ்வொரு மாடியிலயும் பின்பாதையை ஒட்டி ஜன்னல் உள்ள ஒரு ரூம், மேஜை, பெஞ்ச், குடிக்கத் தண்ணி, கை கழுவ இடம், பக்கத்துலயே டாய்லெட், லாக்கர். இதுக்காக கடல் தெரியுற பக்கத்துல ஒரு கட்டத்தை எடுத்தேன், ஒரு ஐஸ்கிரீம் கடை போச்சு, பரவால்ல. அக்கா அந்த ரூம்ல ஒரு மின்விசிறியை அவளே பென்சில்ல போட்டா.

எல்லாம் வரைஞ்சதும் நூல் வெச்சு நடந்து பாருங்க. முட்டி வலி இருக்கிற ஒரு பாட்டி பஸ் ஸ்டாப்ல இறங்கறாங்க, ரெண்டாம் மாடியில டிபன் சாப்பிடணும், எஸ்கலேட்டர்ல கால் வைக்க பயம்னு வெச்சுக்கோங்க. பஸ் ஸ்டாப்லேருந்து லிஃப்ட் வரைக்கும் பேப்பர் மேல நூலைப் போட்டு அளங்க, வாசல் சாய்வுப்பாதை 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல ஏறாம இருக்கான்னும் பாருங்க. எனக்கு முதல் தடவை 38 சென்டிமீட்டர் வந்துச்சு, அதாவது 190 மீட்டர், வழியில ஒரு பெஞ்சு கூட இல்ல. லிஃப்டை கிழக்கு வாசல் பக்கம் நகர்த்தி, பஸ் ஸ்டாப்பையும் மால் சுவரை ஒட்டி இழுத்தேன், 14 சென்டிமீட்டருக்கு வந்துச்சு, நடுவுல வேப்பமரத்தடியில ரெண்டு பெஞ்சும் போட்டேன்.