இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தால்: தற்காலிக மூட்டோடு நாட்களைக் கடத்துவது எப்படி

மாற்று மூட்டு வைத்த இடத்தில் வலி கூடினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும்போது அந்த மாத்திரை கிருமியை மறைத்துவிடும். நேராக அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள்.

தொற்று நாள்பட்டதென்றால் பழைய மூட்டைக் கழற்றுவது பல நேரம் தவிர்க்க முடியாதது. உலோகத்தின் மேல் கிருமிகள் பிசின் போலப் படலம் கட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் சரியாகப் போகாது. கழற்றிய இடத்தில் வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்து கலந்த எலும்பு சிமெண்டில் செய்த தற்காலிக மூட்டை வைப்பார்கள், அதற்குப் பெயர் ஸ்பேசர். அது மருந்தை உள்ளேயே கசியவிடும், கால் ரொம்பக் குட்டையாகாமலும் பார்த்துக்கொள்ளும். கூடவே பெரும்பாலும் 6 வாரம் ஆன்டிபயாடிக், ரத்தக்குழாய் ஊசி வழியாகவோ மாத்திரையாகவோ. இந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் சிறுநீரகப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்பேசர் உடையலாம், நழுவலாம். அதனால் வாக்கர் இல்லாமல் ஓர் அடி கூட வேண்டாம், பாத்ரூமுக்குப் போகும் அந்த நாலு அடியும் சேர்த்துத்தான். தரையில் உட்காராதீர்கள், கால் மேல் கால் போடாதீர்கள், நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்துங்கள். காலை எவ்வளவு ஊன்றலாம் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் அளவுகள் இறங்கி, காயமும் ஆறியிருந்தால் புது மூட்டு.