குரோஷியாவிலிருந்து கிளம்பிய ஒருவரை சென்னையிலிருந்தே தேடுவது எப்படி

ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரி: குரோஷியாவிலிருந்து அமெரிக்கா போனவர், ஊர் ஊராகச் சுற்றியவர். அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டால் குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப் வரை போக வேண்டாம், முக்கால்வாசி வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம்.

முதலில் பெயர். அழகப்பன் என்பதை ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள் இல்லையா, அதே கதைதான் அங்கேயும். 'இச்' என்று முடியும் பெயரில் குரோஷியர்கள் 'சி' எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அமெரிக்கத் தாள்களில் அது 'சி எச்' ஆகும், இல்லாவிட்டால் கோடு விழுந்து வெறும் 'சி'யாக நிற்கும். ஈவான் அங்கே ஜான் ஆகிவிடுவார். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவின் அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்கள் என்று சொல்வதை நம்பாதீர்கள், அவர்கள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி கொடுத்த பட்டியல்.

ஊர்ப் பெயரும் அப்படியே. தரங்கம்பாடி ட்ராங்குபார் ஆன மாதிரி ரியேக்கா ஃபியூமே என்றும், ஸ்பிளிட் ஸ்பலாட்டோ என்றும், டுப்ரோவ்னிக் ரகூசா என்றும் பதிவாகியிருக்கும். 1918 வரை அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்ததால் நாடு என்ற இடத்தில் 'குரோஷியா'வைத் தேடினால் ஏமாற்றம்தான்.

எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் நாடு ஹங்கேரி என்றும் இனம் குரோஷியர் என்றும் இருக்கும், 1907க்குப் பிறகு வந்தவர் என்றால் சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும்கூட இருக்கும். அப்புறம் பலர் தவறவிடுவது அடுத்த பக்கம்: பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீளும், யாரிடம், எந்த முகவரிக்குப் போகிறார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பயணி என்பதால் அமெரிக்க பாஸ்போர்ட் விண்ணப்பத்தை விடவே கூடாது. 1914 டிசம்பருக்குப் பிந்தையது என்றால் புகைப்படமே ஒட்டியிருக்கும், அதுவரை வெறும் பெயராக இருந்தவரின் முகத்தை முதல் தடவை பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே இத்தனை பாடும் படலாம். குடியுரிமைத் தாள் 1906க்குப் பிந்தையதாக இருந்தால் பிறந்த ஊரும் வந்த கப்பலும் கிடைக்கும்.

கிராமம் தெரிந்ததும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அந்த ஊர்த் தேவாலயப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போங்கள். கணக்கு இலவசம். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. லத்தீன் கையெழுத்து பயமுறுத்தும், ஆனால் திரும்பத் திரும்ப வருவது இருபது முப்பது சொற்கள்தான்.

அவர் தென் அமெரிக்கா பக்கம் போயிருந்தால் பிரேசில் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்களில் தேடுங்கள். உதாரணத்துக்கு, குரோஷியாவின் கார்லோவாட்ஸ் ஊரைச் சேர்ந்த பயணிகளான செல்யான் சகோதரர்கள், மிர்கோவும் ஸ்தேவோவும், எத்தியோப்பியாவில் மெனெலிக் மன்னரிடம் வேலை பார்த்துவிட்டு அந்தக் கண்டத்துக்குத்தான் போனார்கள். அவர்கள் சேகரித்த பொருள்கள் ஜாக்ரெப் இனவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் பக்கம் வந்தவர் என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பிறகும் இடைவெளி இருந்தால் குரோஷிய ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாழ்க்கைக் கதை முழுவதையும் எழுத வேண்டாம்: பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், கிராமம், பிறந்த வருடம், அப்பா பெயர், ஒரே ஒரு கேள்வி.