பல இழைகளில் ஓடும் இன்டர்பிரெட்டருக்கு நினைவகம் ஒதுக்குவதும் குப்பை அகற்றுவதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கிராணிகள் செம்பனைக் குலைகளின் எடையைப் பதிவதற்கென்று சிறு நிரல்மொழி ஒன்றை எழுதினேன். தராசுக்கு ஓர் இழை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை, thread) என்று பிரித்த பிறகு, அம்மொழியின் நிரல்களைப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டரின் நினைவகப் பகுதியை அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதே வேலையில் இறங்குவோருக்கு இக்குறிப்பு.

முதலில் ஒதுக்கீடு. நிரல் உருவாக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் (object) பொதுப் பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் விடும் தடையை, எடுத்தால் இழைகள் அதன் வாசலிலேயே வரிசையில் நிற்கும். பால்மரம் வெட்டுவோர் மரத்துக்கு மரம் கங்காணியிடம் கேட்பதில்லை. காலையிலேயே நிரை பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவ்வாறே ஒவ்வோர் இழைக்கும் ஹீப்பிலிருந்து (பொருள்கள் இருக்கும் பொது நினைவகப் பரப்பு) 32 கிலோபைட் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அதற்குள் ஒதுக்குவதற்கு, அடுத்த காலி இடத்தைக் காட்டும் சுட்டியை முன்னே நகர்த்தினால் போதும். துண்டு தீரும்போது மட்டுமே பூட்டு தேவை. பெரிய பொருள்களுக்குத் தனி இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையை, அதாவது நிரலால் இனி எட்ட முடியாத பொருள்களை, அகற்ற, 1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்கு விவரித்த 'குறியிட்டுப் பெருக்கும்' (mark and sweep) முறையையே பரிந்துரைப்பேன்: எட்டக்கூடிய பொருள்களைக் குறியிட்டு, குறி இல்லாதவற்றைக் கூட்டித் தள்ளுவது. ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று எண்ணும் முறையில் ஒன்றையொன்று சுட்டும் பொருள்கள் தங்கிவிடும். பல இழைகள் ஒரே எண்ணிக்கையை மாற்றுவதும் செலவு மிக்கது. பைத்தான் மொழியின் முதன்மை இன்டர்பிரெட்டரான சிபைத்தான் நெடுங்காலம் ஒரே பெரும்பூட்டை வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்பூட்டில்லாத பதிப்பு 2024இல் வந்த 3.13இல்தான் சோதனை நிலையில் வெளியானது.

குறியிடும் முன் எல்லா இழைகளும் நிற்க வேண்டும். நிரல் சுழற்சிக்காகப் பின்னோக்கித் தாவும் ஒவ்வோர் இடத்திலும், செயற்கூறு அழைப்பிலும், 'நில்' என்ற கொடியைப் பார்க்கச் செய்யுங்கள். நான் இடறியது இங்கேதான்: தராசிலிருந்து எண் வருவதற்காக ஓர் இழை காத்துக் கிடக்க, அது கொடியைப் பார்க்கவே இல்லை, மற்ற இழைகள் மதியச் சாப்பாடு முடியும்வரை அசையாமல் நின்றன. ஆகவே காத்திருக்கும் அழைப்புக்குள் நுழையுமுன் இழை 'வெளியே இருக்கிறேன்' என்று பதிந்து, தன் ஸ்டேக்கின் (செயற்கூறுகளின் உள்மாறிகள் இருக்கும் நினைவகம்) எல்லையையும் குறித்துவைக்க வேண்டும். வெளியே இருக்கும்வரை ஹீப்பைத் தொடக்கூடாது, திரும்பும்போது குப்பை அகற்றல் நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். படிக்கும் எண்கள் வந்து விழும் இடமும் ஹீப்புக்கு வெளியே இருக்கட்டும்.

இன்னொரு பொறி, இன்டர்பிரெட்டரை எழுதிய சி நிரலின் உள்மாறியில் மட்டும் பிடித்திருக்கும் புதுப்பொருள். அடுத்த ஒதுக்கீடு அகற்றலைத் தூண்டினால் அது குப்பையாகிவிடும். அத்தகைய சுட்டிகளை இழைக்குரிய வேர்ப்பட்டியலில் (குறியிடல் தொடங்கும் சுட்டிகளின் பட்டியல்) இட்டுவையுங்கள். சோதனையின்போது ஒவ்வோர் ஒதுக்கீட்டுக்கும் ஒருமுறை அகற்றும்படி ஓட்டி, விடுவித்த இடத்தை அடையாளம் தெரியும் ஓர் எண்ணால் நிரப்புங்கள். நிரல் நத்தையாய் ஊரும். ஆனால் விட்டுப்போன வேர் எதுவென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.