குடல் அசைவுப் பரிசோதனையைக் கெடுக்கும் தவறுகள்

"எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் சாப்பிட்டது நெஞ்சுக்குக் கீழேயே நிற்கிறது." உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு வயிற்று மருத்துவரைத் தேடி வருபவர்கள் பலரின் குறை இது. எண்டோஸ்கோப்பி புண்ணையும் கட்டியையும் அடைப்பையும் காட்டும். தசை உணவை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதை அளக்காது. அதற்காகத்தான் அசைவுப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் எண்டோஸ்கோப்பியைத் தவிர்த்துவிட்டு நேரே இவற்றுக்குப் போவதும் தவறு. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகே அசைவை அளப்பதில் பொருள் உண்டு.

இரைப்பை காலியாகும் வேகத்தை அறிய, சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, காமா கேமராவில் படம் எடுப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "சர்க்கரைக்கு ஒன்று, காலையில் ஒரு கேஸ் மாத்திரை, வேறெதுவும் இல்லை" என்று பதில் வரும். அந்தக் கேஸ் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படித்தால், பல நேரம் பான்டோபிரசோல் 40 மி.கி., டொம்பெரிடோன் 30 மி.கி. என்று அச்சிட்டிருக்கும். டொம்பெரிடோன் இரைப்பையை முடுக்கிவிடும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு வந்தால், மந்தமான இரைப்பையும் நன்றாக வேலை செய்வதாக அறிக்கை வரலாம். வலிக்குப் போடும் டிரமடால், வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் டைசைக்ளோமின் போன்றவை இதற்கு நேர்மாறாக இரைப்பையை மந்தப்படுத்தும். இந்த இரு வகை மருந்துகளையும் வழக்கமாக 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரையின் பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே எடுத்து வாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை 275 மி.கி.க்கு மேல் இருந்தால் அதுவே இரைப்பையை மந்தமாக்கும். அன்று எடுக்கும் அளவை நம்ப முடியாது. அதற்காக இன்சுலினை முழு அளவு போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவது ஆபத்து. அன்றைக்கு எவ்வளவு போடலாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இரண்டு மணி நேரத்திலேயே முடித்துத் தரும்படி கேட்காதீர்கள். 2008இல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் வகுத்த முறைப்படி நான்கு மணி நேரம் வரை படம் எடுக்க வேண்டும். நான்காம் மணியில் 10 சதவீதத்துக்கு மேல் உணவு தங்கியிருந்தால் மந்தம் என்று பொருள். இரண்டாம் மணியில் சரியாகத் தெரிந்து நான்காம் மணியில் பிடிபடுபவர்களும் உண்டு. இந்த வரம்பு முட்டை வெள்ளைக்கருவும் ரொட்டியும் சேர்ந்த உணவுக்கு வகுத்தது. முட்டை சாப்பிடாதவருக்கு இட்லி கொடுத்தால், இட்லிக்கான இயல்பளவோடுதான் ஒப்பிட வேண்டும். எந்த உணவு என்று அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உணவுக்குழாய்த் தசை அழுத்தும் விதத்தை அளக்கும் மானோமெட்ரியில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் இறங்கும். மயக்க மருந்து கிடையாது. 5 மி.லி. தண்ணீரைச் சொல்லும்போது ஒரே முறை விழுங்க வேண்டும். பதற்றத்தில் அடுத்தடுத்து விழுங்கினால் இரண்டாவது விழுங்கல் முதல் அலையை அடக்கிவிடும், அளவு வீணாகும்.

குடல் கிருமிகள் உணவைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனை மூச்சில் அளக்கும் சோதனைக்கு முந்தின நாள் கம்பங்கூழும் சுண்டலும் வேண்டாம். வெறும் வெள்ளைச் சோறு போதும். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மலச்சிக்கலுக்கான சோதனையில்தான் கூச்சம் குறுக்கே வருகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் கொண்ட காப்ஸ்யூலை விழுங்கவைத்து, ஐந்தாம் நாள் எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். ஐந்துக்கு மேல் தங்கியிருந்தால் பெருங்குடல் மந்தம். எக்ஸ்ரே என்றதும் கொலோனோஸ்கோப்பிக்குச் செய்வதுபோல் வயிற்றைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெயோ கடுக்காய்ப் பொடியோ எடுத்துவிடுகிறார்கள். வளையங்கள் அதோடு அடித்துக்கொண்டு போய்விடும், சோதனையே பாழ். இந்த ஐந்து நாளும் பேதி மருந்து தொடாமல் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

வளையங்கள் கீழே ஆசனவாய்ப் பக்கம் குவிந்திருந்தால், வெளியேற்றுவதிலேயே சிக்கல் இருக்கலாம். அப்போது 50 மி.லி. நீர் நிரப்பிய சிறு பலூனை உள்ளே வைத்து வெளியேற்றச் சொல்வார்கள். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். வெட்கப்பட்டு இதை வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. முக்கும்போது இறுகிக்கொள்ளும் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி, இத்தகையவர்களுக்கு மலமிளக்கியைவிட நல்ல பலன் தருகிறது.